தோப்பு விறகுக்கு எந்த அடுப்பு?

கேஸ் இணைப்பு இல்லாத வீடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்று குறைவு. விறகடுப்பு இல்லாத வீடும் குறைவுதான். காலையில் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிப்பது, வடகத்துக்குக் கூழ் காய்ச்சுவது, விருந்தாள் வந்தால் பெரிய தவலையில் சோறு என்று எல்லாவற்றையும் கேஸில் ஏற்றினால் சிலிண்டர் மாதத்தைத் தாண்டாது. கொல்லையில் தென்னை மட்டையும் வேலியோரத்தில் சீமைக் கருவேலமும் சும்மா கிடக்கும்போது இதற்கெல்லாம் காசு கொடுப்பானேன் என்று தோன்றுவது நியாயம். இலங்கையில் 2022இல் எரிவாயு சிலிண்டருக்காகச் சனம் வரிசையில் நின்ற காலத்தில், கொழும்பு வீடுகளுக்கும் விறகடுப்பு திரும்பி வந்தது.

அதனால் விறகடுப்பு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வேண்டும் என்று முடிவெடுத்த வீட்டுக்கு எந்த அடுப்பு என்பதுதான் பேச்சு. மூன்று கல் வைத்த திறந்த அடுப்பு, குயவர் செய்யும் சுட்ட மண் அடுப்பு, புகைபோக்கியோடு கட்டும் அடுப்பு, ராக்கெட் அடுப்பு, விசிறி வைத்த அடுப்பு. கைக்கு எட்டுவது இந்த ஐந்து. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடச் சமையல் கேஸிலோ மின்சாரத்திலோ இருக்கட்டும். விறகடுப்பு வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில், ராக்கெட் அடுப்பாக இருக்கட்டும். வீட்டுக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால் புகைபோக்கி இல்லாமல் வைக்காதீர்கள்.

ஒரு சிலிண்டருக்கு எத்தனை கிலோ விறகு?

விறகு சும்மா கிடைக்கிறது என்பவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 650 மெகாஜூல் வெப்பம் வரும். அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்தால் 390 மெகாஜூல். நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல் இருக்கிறது. மூன்று கல் அடுப்பில் அதிலிருந்து பாத்திரத்துக்குப் போவது 10 முதல் 15 சதவீதம். மீதியெல்லாம் காற்றை, கல்லை, சமைப்பவரின் முகத்தைச் சுடுகிறது. 12 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 215 கிலோ விறகு வேண்டும்.

அடுப்பு 20 சதவீதம் பயன் தருமானால் 130 கிலோ போதும். 25 சதவீதம் என்றால் 105 கிலோ. 35 சதவீதம் என்றால் 75 கிலோ. விறகுக்கடையில் கிலோ 7 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திறந்த அடுப்புக்கு 1,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 25 சதவீத அடுப்புக்கு 735 ரூபாய். உங்கள் ஊர் விறகு விலையையும் சிலிண்டர் விலையையும் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். விறகைக் காசு கொடுத்து வாங்கித் திறந்த அடுப்பில் எரிக்கும் வீடு, கேஸ் வைத்திருக்கும் வீட்டைவிட அதிகம் செலவழிக்கிறது. ஏழை வீட்டில் இது நடப்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

சொந்தத் தோப்பு விறகு என்றால் காசு இல்லை, ஆனால் உழைப்பு உண்டு. 215 கிலோவை வெட்டி, பிளந்து, சுமந்து, அடுக்குவது யார் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பதில் ஒரு பெண்ணாகத்தான் இருக்கும்.

புகை எங்கிருந்து வருகிறது

அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் தீ எப்படி எரிகிறது என்று தெரிந்திருந்தால் கடைக்காரர் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியிருக்காது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாகப் பிரிந்து வருகிறது. நாம் காணும் சுடர் அந்த வாயு எரிவதுதான். தணலாக எரிவது கடைசியில் மிஞ்சும் கரி. அந்த வாயு முழுதாக எரிய 600 டிகிரிக்கு மேல் சூடும், போதிய காற்றும், எரிந்து முடிக்கக் கொஞ்சம் இடமும் வேண்டும். சுடர் எழும்பிய உடனே குளிர்ந்த பானையின் அடியில் முட்டினால் வாயு பாதியில் அணைந்து கரிப்புகையாகிறது. பானையின் அடியில் அப்பிய கரியும் கண்ணை எரிக்கும் புகையும் ஒன்றுதான். இரண்டும் எரியாமல் தப்பிய விறகு.

ஒரு அடுப்பு விறகை மிச்சம் பிடிப்பது வேறு, புகையைக் குறைப்பது வேறு. சுடரைப் பானையோடு நெருக்கி வைத்தால் விறகு மிச்சமாகும், ஆனால் புகை கூடலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்ய, தீ எரியும் அறை தனியாக, சுவர் சூட்டை உறிஞ்சாததாக இருக்க வேண்டும். கீழே வரும் ஐந்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

மூன்று கல்லும் மண் அடுப்பும்

மூன்று கல் அடுப்பின் பலம், எந்தப் பாத்திரமும் உட்காரும், எந்த நீள விறகும் நுழையும், செலவே இல்லை. பொங்கலுக்கு வாசலில் வைக்கவும், திருவிழாவில் அண்டா ஏற்றவும் இதற்கு மாற்று இல்லை. தினசரி வேலைக்கு இதை வைக்க வேண்டாம். நான்கு பக்கமும் வரும் குளிர்காற்று தீயைத் தணிக்கிறது, சுடரைப் பானையிலிருந்து விலக்குகிறது.

மண் பூசிய அடுப்பு இதைவிட மேல். காற்று ஒரு வாயில் வழியாகத்தான் வரும். பக்கத்தில் கொடியடுப்பு இருந்தால், முன்னடுப்பில் சோறு கொதிக்கும் சூட்டின் மிச்சம் உள்வழியாகப் போய்ப் பின்னால் உள்ள ரசத்தையோ வெந்நீரையோ சூடாக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. இன்றைய பல அடுப்புகளின் அடிப்படை இதுவே. குறை என்னவென்றால் கனமான மண்சுவர் முதல் அரை மணி நேரச் சூட்டைத் தானே குடித்துக்கொள்ளும். நெல் அவிப்பது போன்ற நீண்ட வேலைக்கு அது பெரிய நட்டமில்லை. ஒரு டீ போடுவதற்கு நட்டம்தான்.

இந்த வரிசையில் இலங்கையின் அனகி அடுப்பைச் சொல்லாமல் போகக்கூடாது. 1980களில் இலங்கை மின்சார சபையும் ஐடிடிஜி என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. இரண்டு பாத்திரம் வைக்கும் சுட்ட மண் அடுப்பு, உள்ளே சுடர் போகும் பாதை அளவாக வகுக்கப்பட்டது, குயவர்கள் சக்கரத்தில் வனைந்து சந்தையில் விற்கிறார்கள். சுற்றி மண் பூசி வைத்தால் 20 சதவீதம் அளவுக்குப் பயன் தருகிறது. மானியத் திட்டம் முடிந்ததும் மறைந்துபோன அடுப்புகள் ஏராளம். இது சாதாரணக் கடைச் சரக்காகி லட்சக்கணக்கில் விற்றது. விலை மலிவு, உடைந்தால் அதே சந்தையில் இன்னொன்று. திறந்த அடுப்பிலிருந்து ஒரு படி மேலே வர, அதிகம் செலவழிக்க முடியாத வீட்டுக்கு இதைப்போன்ற குயவர் அடுப்பே சரி. புகைபோக்கி இல்லாததால் இதையும் வெளியிலோ, எதிரெதிராக இரண்டு திறப்புள்ள இடத்திலோதான் வைக்க வேண்டும்.

புகைபோக்கி அடுப்பு

புகையில்லா அடுப்பு என்று நாம் கேள்விப்பட்டது பெரும்பாலும் இதைத்தான். 1947இல் வார்தாவின் மகன்வாடியிலிருந்து மகன் சூலா என்ற பெயரில் ஒன்று வந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திய கிராமத் தொழில் சங்கத்தின் இடம் அது. 1980களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா மையம் மூன்று பாத்திரம் வைக்கும் அஸ்த்ரா ஒலெ அடுப்பை வடிவமைத்தது. கர்நாடகக் கிராமங்களில் லட்சக்கணக்கில் கட்டப்பட்டது. மத்திய அரசு 1983இல் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, நாடு முழுவதும் மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகள் கொடுத்து, 2002இல் நிறுத்திக்கொண்டது.

இவ்வளவு கொடுத்தும் ஏன் நிலைக்கவில்லை என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் செய்த ஆய்வு உண்டு. புகைபோக்கி அடுப்பு கொடுத்த வீடுகளில் முதல் ஆண்டு உள்ளே போகும் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் காணாமல் போனது. விரிசல் விட்டது, யாரும் பூசவில்லை; குழாய் அடைத்தது, யாரும் தட்டவில்லை; பலர் பழைய அடுப்புக்கே போய்விட்டார்கள். அடுப்பின் மேல் தவறில்லை, அந்தப் பெண்கள் மேலும் தவறில்லை. கட்டிய பிறகு பராமரிப்பு நடக்கவில்லை என்பதே விஷயம்.

ஆகவே இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை குழாயை யார் சுத்தம் செய்வது? அடுப்பு ஆறிய பிறகு, நீளக் கம்பில் சாக்குத் துணியையோ தேங்காய் நாரையோ கட்டி மேலிருந்து இழுத்தால் பத்து நிமிட வேலை. ஈர விறகு எரிக்கும் வீட்டில் கரியோடு தாரும் படியும். அது கெட்டியாகிவிட்டால் தானே தீப்பிடித்துக் குழாய்க்குள் எரியும். ஓலைக் கூரை வீட்டில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில் ஓலையோ மரமோ தொடாமல் தகரக் கழுத்து வைத்து இடைவெளி விட வேண்டும். உச்சி, கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும் நாளில் புகை திரும்பி உள்ளேயே வரும்.

இன்னொன்று பாத்திரம். இந்த அடுப்புகளில் துளையில் பாத்திரம் சரியாக உட்கார்ந்தால்தான் புகை குழாய் வழியே போகும். கட்டும் கொத்தனாரிடம் உங்கள் சோற்றுப்பானையையும் குழம்புச் சட்டியையும் கையில் கொடுத்து, அதை வைத்தே துளையை அளக்கச் சொல்லுங்கள். பெரிய விறகு நுழையவில்லையென்று பிற்பாடு வாயிலைக் கொத்திப் பெரிதாக்குவது பல வீடுகளில் நடக்கிறது. அதோடு அந்த அடுப்பின் கதை முடிந்தது. காற்று அளவில்லாமல் புகுந்து சூட்டைக் குழாய் வழியே அள்ளிக்கொண்டு போய்விடும்.

விறகுச் செலவில் இது முதலிடம் வராது. வீட்டுக்குள் இருக்கும் நுரையீரலுக்கு, மேலே சொன்ன பராமரிப்பு நடந்தால், விறகடுப்புகளில் இதுவே நல்லது.

ராக்கெட் அடுப்பு

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் 1980களின் தொடக்கத்தில் லாரி வினியார்ஸ்கி வகுத்த முறை இது. ஆங்கில எல் எழுத்துபோல் வளைந்த ஒரு வழி. கிடைமட்ட வாயில் விறகு, செங்குத்துப் பகுதியில் சுடர், மேலே பாத்திரம். விறகு ஒரு தட்டின் மேல் இருக்கும், தட்டுக்குக் கீழே காற்று போகும். விறகின் நுனி மட்டும் எரியும். எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். செங்குத்துக் குழாயின் உயரம் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருப்பதால், பானையைத் தொடுமுன் வாயு பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும்.

வெற்றி தோல்வி எல்லாம் அந்தக் குழாயைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதில்தான். நம் ஊரில் ராக்கெட் அடுப்பு என்று செங்கல்லையும் சிமென்டையும் அடுக்கிக் கட்டுகிறார்கள். அது எல் வடிவத்தில் உள்ள சாதாரண மண் அடுப்பு, அவ்வளவுதான். சுற்றிலும் லேசான, காற்றறை நிறைந்த பொருள் வேண்டும். நெல் விளையும் நாட்டில் இதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை: அரிசி ஆலையில் கிடைக்கும் உமிச்சாம்பல் மிக நல்ல வெப்பத் தடுப்பு. 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று, நடுவில் குயவரிடம் சொல்லி வனைந்த முக்கால் அங்குலக் கனமுள்ள சுட்ட மண் குழாய், இரண்டுக்கும் இடையில் உமிச்சாம்பல் நிரப்பி மேலே மண் பூச்சு. இவ்வளவுதான் அடுப்பு. மண் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய் வைத்தால் அந்தச் சூட்டில் சில மாதங்களில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பாத்திரத்தை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் எட்டிப் பார்க்கலாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. பற்றவைத்துக் கொஞ்ச நேரத்தில் உட்சுவரில் படிந்த கரி தானே எரிந்து சுவர் வெளுத்துவிட்டால் சூடு போதும். சுவர் கறுப்பாகவே இருந்தால் விறகு ஈரம், அல்லது வாயில் அடைபடும் அளவுக்கு விறகைத் திணித்திருக்கிறீர்கள். வாயின் மேல்பாதியில் விறகு, கீழ்ப்பாதியில் காற்று. விரல் பருமனுக்கும் கட்டைவிரல் இரண்டு பருமனுக்கும் இடைப்பட்ட மூன்று நான்கு குச்சிகள் ஒரு குடும்பத்துச் சோற்றுக்குப் போதும். பாத்திரத்தைச் சுற்றி ஒரு தகரப் பட்டை, பாத்திரத்துக்கும் அதற்கும் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி வைத்துச் சுற்றினால் சூடு பக்கங்களிலும் ஏறும். மலிவான இந்தத் தகரம் செய்யும் மிச்சம், விலை உயர்ந்த பல அடுப்புகள் செய்வதற்குக் குறைந்ததல்ல.

குறையும் உண்டு. பக்கத்திலேயே இருந்து குச்சியைத் தள்ள வேண்டும். பெரிய கட்டையைச் செருகிவிட்டு வேறு வேலைக்குப் போகும் பழக்கம் இதில் செல்லாது. விறகைச் சிறிதாகப் பிளக்க வேண்டும். உயரமும் எடையும் உள்ள தவலைக்குத் தனித் தாங்கி வேண்டும், டின்னின் மேல் சாய்ந்தால் ஆபத்து. புகை மிகக் குறைவு என்றாலும் புகை உண்டு. அதனால் இது முற்றத்துக்கும் கொல்லைக்கும் உரியது.

விசிறி வைத்த அடுப்பு

கடையில் வாங்கும் உருளை வடிவ அடுப்பு, அடியில் சின்ன விசிறி, பேட்டரி. விறகுத் துண்டுகளை நிரப்பி மேலிருந்து பற்றவைக்கிறோம். விசிறி ஊதும் காற்று பக்கத் துளைகள் வழியே வந்து வாயுவைச் சுத்தமாக எரிக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13152 விதிப்படி, இயற்கைக் காற்றில் எரியும் கையடக்க அடுப்பு குறைந்தது 25 சதவீதமும் விசிறி அடுப்பு 35 சதவீதமும் பயன் தர வேண்டும். புகைத்துகள் வரம்பும் விசிறி அடுப்புக்கு இரண்டு மடங்குக்கு மேல் கடுமையானது. வாங்கும்போது அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆய்வகத்தில் இதை மிஞ்ச வேறு விறகடுப்பு இல்லை. வீட்டில் நிலைமை வேறு. விறகை இரண்டு மூன்று அங்குலத் துண்டாக நறுக்க வேண்டும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உடைத்த கொட்டாங்கச்சி இதற்கு அருமையான எரிபொருள். நடுவில் தீர்ந்து மறுபடி போட்டால் அந்தச் சில நிமிடங்கள் புகை மண்டும். பேட்டரி இறங்கினால், விசிறி நின்றால், இது வெறும் தகர டப்பா. மலாவி நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வில், விசிறி அடுப்பு கொடுத்தும் குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. அடுப்பு நல்லதாக இருந்தாலும் பழுதும், சுற்றுப்புறத்தில் மற்ற புகையும் இருந்தன. பழுது பார்க்கும் ஆள் பக்கத்து டவுனிலாவது இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

வெந்நீருக்கு மட்டும் என்றால் இந்த ஐந்தையும் விட, நடுவில் புகைக்குழாயும் சுற்றிலும் தண்ணீரும் உள்ள பழைய செம்பு பாய்லரே மேல். தண்ணீர் இல்லாமல் பற்றவைக்கக் கூடாது, ஆவி வெளியேறும் வழியை அடைக்கக் கூடாது. வேறு சிக்கல் இல்லை.

அடுப்பைவிட விறகு

எந்த அடுப்பு வாங்கினாலும் ஈர விறகு அதைத் தோற்கடித்துவிடும். பச்சையாக வெட்டிய மரத்தில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய அரை கிலோ தண்ணீர் இருக்கிறது. எரியும்போது முதல் வேலை அந்தத் தண்ணீரை ஆவியாக்குவது. கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் பாதியாகிறது, தீயின் சூடு இறங்குகிறது, வாயு எரியாமல் புகையாகிறது. பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களில் காற்றோட விட்டால், நம் வெயிலில் சில மாதங்களில் ஈரம் 15, 20 சதவீதத்துக்கு இறங்கும். பிளக்காத உருளைக்கட்டை உள்ளே ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும்.

சோதிப்பது எளிது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று அடங்கும். நெருப்பில் வைத்ததும் மறுமுனையில் நுரை தள்ளிச் சீறினால், அந்த விறகு இன்னும் அடுக்கில் இருந்திருக்க வேண்டியது.

சவுக்கு, சீமைக் கருவேலம், புளி, வேலம் எல்லாம் கெட்டி விறகு, தணல் நிற்கும். முருங்கையும் இலவமும் பொசுக்கென்று போய்விடும். பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த பாளையும் இருக்கும்போது சைக்கிள் டியூபையும் பால் கவரையும் எரிப்பதை விட்டுவிடுங்கள். அந்தப் புகை சோற்றின் மேலும் படியும், குழந்தையின் மூக்கிலும் ஏறும். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு, அரளிக் கட்டை இவையும் அடுப்புக்கு வேண்டாம்.

பாத்திரத்துக்கு மூடி போடுவதும், பருப்பை ஊறவைப்பதும், சோறு ஒரு கொதி வந்ததும் இறக்கி வைக்கோல் நிரப்பிய கூடைக்குள் புதைத்து மூடி வேகவிடுவதும், அடுப்பை மாற்றாமலே விறகைக் குறைக்கும் வழிகள்.

உயிருக்கு ஆபத்தானவை

உலகம் முழுவதும் வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நம் பக்கத்திலேயே அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பங்கோடு, நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், விறகுபோன்ற எரிபொருளில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம். கேஸ் கொடுக்கப்பட்டவர்களுக்கு அது 24. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் அளவு 15. அந்த ஆய்வில் குழந்தைகளின் பிறப்பு எடை பெரிதாக மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் தாய் சுவாசிக்கும் துகள் மூன்றில் ஒரு பங்காகிறது என்பது சிறிய விஷயமல்ல. வீட்டுக்குள் தினமும் மூன்று வேளை விறகில் சமைக்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பதை எந்த அடுப்பும் நியாயப்படுத்தாது.

புகையைவிட மோசமானது புகையே இல்லாத கங்கு. சுடர் அணைந்து தணல் மட்டும் கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரசவம் ஆன வீட்டில் தணல் சட்டி வைக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்: தணல் இருக்கும் அறையில் யாரும் கதவடைத்து உறங்கக் கூடாது.

மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ எரியும் அடுப்பில், அணைந்ததுபோல் தெரியும் அடுப்பிலும், ஊற்றாதீர்கள். அள்ளிய சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். தகர வாளியில் எடுத்துத் தண்ணீர் தெளித்த பிறகே குப்பைமேட்டுக்குக் கொண்டுபோங்கள். நைலான் புடவையின் முந்தானையைச் செருகிக்கொள்ளாமல் குனிய வேண்டாம். முடிந்தால் அடுப்பை இடுப்பளவு மேடையில் வையுங்கள். தவழும் குழந்தைக்கும் எட்டாது, முட்டி வலிக்கும் அம்மாவுக்கும் எளிது. கையில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிப்பதுதான் முதல் உதவி. மையும் பற்பசையும் தடவக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு

தோப்பு விறகு உண்டு, கேஸும் உண்டு, வெளியே ஒதுக்கிடம் உண்டு என்றால் ராக்கெட் அடுப்பு. இரண்டாம் யோசனை வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று தரம் நெல் அவிக்கும் வீடு என்றால் பக்கத்தில் ஒரு பெரிய மண் அடுப்பும் இருக்கட்டும். கேஸ் கட்டுப்படியாகாமல் உள்ளேதான் முழுச் சமையலும் என்றால் புகைபோக்கி அடுப்பு, மாதாமாதம் குழாய் தட்டும் ஆளை முதலில் முடிவு செய்துகொண்டு. வாடகை வீடு, மொட்டை மாடி மட்டும்தான் என்றால், காய்ந்த சிறு விறகும் கொட்டாங்கச்சியும் சேர்த்துவைக்க முடியுமானால், விசிறி அடுப்பு. கையில் ஐந்நூறு ரூபாய் மட்டும் இருக்கிறது என்றால் அதில் பாதியைக் குயவரின் மண் அடுப்புக்கும், மீதியை விறகு நனையாமல் மூடும் தார்ப்பாய்க்கும் கொடுங்கள்.

வேலையைத் தை, மாசியில் தொடங்கலாம். மண் அடுப்பு நிழலில் மெல்லக் காய்ந்து விரிசல் விடாமல் இறுகும். அதே சமயம் வெட்டிப் பிளந்து அடுக்கும் விறகு சித்திரை, வைகாசி வெயிலைக் குடித்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் அடுப்புக்குத் தயாராகியிருக்கும்.